வீட்டு முன்னால் நிற்கும் கண்டல் மரம் யாருடையது?

என் மாமா ஒருவர் 25 வருடம் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, காயலோரம் ஒரு வீடு கட்டினார். சாயங்காலம் சிட்டவுட்டில் (வீட்டு முன் திண்ணையில்) நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. பாலைவனத்தில் அத்தனை வருடம் இருந்தவருக்கு அது நியாயமான ஆசைதான். ஆனால் வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் கண்டல் மரங்கள் வரிசையாக நின்றன. தேங்காய் வெட்ட வந்தவரிடம் கூடுதல் கூலி கொடுத்து, ஒரே காலையில் அவற்றின் தலையை இடுப்பளவுக்குக் கழித்துவிட்டார்.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "லே மக்கா, வேரோட பிடுங்கவா செஞ்சேன்? கொம்பத்தான வெட்டினேன். பூவரசு வெட்டினா துளுக்காதா? முருங்க வெட்டினா துளுக்காதா? பின்ன இதுக்கு மட்டும் என்ன?"

கேள்வி நல்ல கேள்வி. கண்டலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நாலைந்து மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வரிசையில் சில மரங்கள் மட்டும் துளிர்த்திருந்தன. மற்றவை சாம்பல் நிறக் குச்சிகளாக நின்றன. ஏன் அப்படி, அதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது, இனி யாராவது இப்படிச் செய்ய நினைத்தால் முதலில் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் பெயர். கண்டல், அலையாத்தி, சுரபுன்னை, மாங்குரோவ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். மாங்குரோவ் என்பது ஒரே ஒரு மரத்தின் பெயர் அல்ல. உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் வாழப் பழகிக்கொண்ட பல வகை மரங்களுக்கும் செடிகளுக்கும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர் அது. குமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேரும் மணக்குடி, குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் போன்ற கழிமுகங்கள்தான் இவற்றுக்கு ஏற்ற இடங்கள். பிச்சாவரம், முத்துப்பேட்டை போலப் படகில் போய்ச் சுற்றிப் பார்க்கும் காடு இங்கே கிடையாது. சின்னச் சின்னத் திட்டுகள், கரையோர வரிசைகள், அவ்வளவுதான். தமிழ்நாடு முழுவதையும் கூட்டினாலே 2021ஆம் ஆண்டு இந்திய வன அறிக்கையின் கணக்குப்படி மாங்குரோவ் பரப்பு 45 சதுர கிலோமீட்டர்தான். அதனால் ஒரு வீட்டு முன்னால் நிற்கும் பத்து மரமும் கணக்கில் வரும்.

தாழையையும் (நம் பக்கம் கைதை) பூவரசையும் புன்னையையும் கண்டலோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அவை கரையில் நிற்பவை. உப்புக் காற்றைத் தாங்குபவை. ஆனால் தினமும் இரண்டு முறை வேலியேற்றத்தில், அதாவது கடல் தண்ணீர் ஏறும்போது, நனையும் சேற்றில் காலூன்றி வாழ்பவை அல்ல. அசல் கண்டலில் இரண்டு வகையை அடையாளம் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

ஒன்று, தண்டிலிருந்தே வளைந்து வளைந்து சேற்றில் இறங்கும் முட்டு வேர்கள் உள்ளது. தாவரவியலில் ரைசோபோரா என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் பல கால்களால் தண்ணீரில் நடந்து வருவது போலிருக்கும். இதன் விதை கீழே விழுந்த பிறகு முளைப்பதில்லை. தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பிறகுதான் விழும். சேறாக இருந்தால் அங்கேயே குத்திட்டு நிற்கும், தண்ணீராக இருந்தால் மிதந்து போய் வேறொரு கரையில் வேர் பிடிக்கும்.

இன்னொன்று, மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள் உள்ளது. இது அவிசென்னியா. வெண்கண்டல், கருங்கண்டல் என்பவை இந்தக் கூட்டத்தில் வரும். காயல் சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால்தான் கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. அந்தப் பென்சில்கள் வழியாகத்தான் இந்த மரம் மூச்சு விடுகிறது. உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் நேரத்தில் ஓர் இலையைத் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். பூவரசு வெட்டினால் துளிர்க்கிறதே?

மரம் துளிர்ப்பது மந்திரமல்ல. கிளையின் பட்டைக்கு அடியில் தூங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே நுனி இருக்கும்வரை அவை தூங்கும். நுனியை வெட்டினால் எழுந்துகொள்ளும். வேம்பு, பூவரசு, முருங்கை எல்லாவற்றிலும் வயதான தண்டில்கூட இந்த மொட்டுகள் உயிரோடு இருக்கும். அதனால்தான் பூவரசுக் கம்பை வெட்டி வேலிக்கு நட்டால்கூடத் தழைக்கிறது. நம் கையும் வெட்டுக்கத்தியும் இந்த மரங்களோடு பழகி வளர்ந்தவை. மாமாவின் தவறு அங்கேதான் தொடங்கியது என்பேன். அவருக்கு மரம் தெரியாது என்று சொல்ல முடியாது. அவர் அறிந்த மரம் வேறு.

முட்டு வேர்க் கண்டலில் அந்தத் தூங்கும் மொட்டுகள் சில ஆண்டுகளில் செத்துவிடும். இளம் கிளையில், இலை இருக்கும் பகுதியில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். ஏறக்குறைய ஓர் அங்குலப் பருமனைத் தாண்டிய கிளையை இலையில்லாத இடத்தில் வெட்டினால் அங்கிருந்து புதுத் துளிர் வராது. எல்லாக் கிளைகளையும் அப்படி வெட்டிவிட்டால் மரத்துக்கு இலையே மிஞ்சாது. இலை இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை, வேர் பட்டினி கிடந்து சாகும். உடனே சாகாது என்பதுதான் ஏமாற்றும் விஷயம். சில மாதம் பச்சையாகவே நின்றுவிட்டுப் பிறகு காயும். "நான் வெட்டினப்ப நல்லாத்தான இருந்தது, பெறவு நோய் வந்து போச்சு" என்று சொல்ல அது வசதியாகப் போய்விடும்.

மூச்சு வேர்க் கண்டலுக்கு வெட்டினாலும் துளிர்க்கும் சக்தி உண்டு. மாமாவின் வரிசையில் துளிர்த்த சில மரங்கள் இந்த வகை. ஆகக் கண்டல் எல்லாம் ஒன்றுபோலத்தான் என்று நினைத்து வெட்டுவது, எல்லா மாத்திரையும் வெள்ளைதானே என்று விழுங்குவது மாதிரி. தில்லை என்று ஒரு வகை உண்டு. கழிமுகத்தில் அதன் மேல் கத்தி வைத்தால் வடியும் பால் கண்ணில் பட்டுக் கண்ணே கெட்டுப்போகலாம். கூலிக்கு வெட்ட வருகிறவருக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

மரம் செத்தால் என்ன போயிற்று, தண்ணீர் தெரிகிறதல்லவா என்று கேட்கலாம். போவது முதலில் கரை. காயல் கரை நம் பக்கம் பெரும்பாலும் மணலும் சேறும் கலந்தது. அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்ப் பின்னல்தான். வேர் செத்து அழுகினால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கரை சரியும். சரிந்தால் வீட்டுக்காரர் கருங்கல் சுவர் கட்டுவார். அலையும் வெள்ளமும் கல்லில் மோதித் திரும்பிப் பக்கத்து வீட்டுக் கரையை அரிக்கும். பிறகு அவரும் சுவர் கட்டுவார். மரம் சும்மா செய்துகொண்டிருந்த வேலைக்கு இரண்டு பேரும் லட்சக்கணக்கில் செலவழிப்பார்கள்.

அலையைக் குறைப்பதற்குக் கணக்கே இருக்கிறது. 100 மீட்டர் அகலமுள்ள கண்டல் காடு, சாதாரணக் காற்றலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும் என்று அளந்திருக்கிறார்கள். இடைவெளி ஏன் இவ்வளவு என்றால், வேரும் கிளையும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைப் பொறுத்து அது மாறும். கிளையைக் கழித்தால் குறைவது அந்த நெருக்கம். இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலமே அடித்துக்கொண்டு போனது. வீட்டு முன்னால் நிற்கும் பத்து மரம் அப்படியொரு அலையைத் தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கண்டல் காப்பது தினசரி அலையிலிருந்தும், ஒவ்வொரு மழைக்கும் வரும் வெள்ளத்திலிருந்தும். அதுவே பெரிய காரியம்தான், மிகைப்படுத்தத் தேவையில்லை.

அப்புறம் மீன். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் நண்டும் பெரிய மீனுக்கு இரையாகாமல் ஒளிந்து வளர்வது வேர்களுக்கு நடுவில்தான். விழும் இலை அழுகி அவற்றுக்கு உணவாகிறது. காயலில் வலை வீசுகிற ஆளுக்கு வீட்டுக்காரரின் சிட்டவுட் ஆசை இப்படித்தான் கணக்கில் வருகிறது.

சரி, சட்டம்.

"என் பட்டா நிலத்துக்கு முன்னால்தானே நிற்கிறது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வாதம். புல வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பட்டா எல்லை பெரும்பாலும் கரையோடு நின்றுவிடும். அதற்கப்பால் சேறும் தண்ணீரும் நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே நிற்கும் மரம் அரசு மரம். அதை வெட்ட வீட்டுக்காரருக்கு இருக்கும் உரிமை, ரோட்டோரப் புளியமரத்தை வெட்ட எனக்கு இருக்கும் உரிமை எவ்வளவோ அவ்வளவுதான்.

மரம் பட்டாவுக்குள்ளேயே நின்றால்? அப்போதும் சட்டம் விடாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986இன் கீழ் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஒன்று இருக்கிறது. சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 1991இல் முதலில் வந்தது, 2011இலும் 2019இலும் புதிதாக எழுதப்பட்டது. அதில் கண்டல் இருக்கும் இடம் சி.ஆர்.இசட். 1ஏ, அதாவது இருப்பதிலேயே கடுமையான பாதுகாப்பு உள்ள வகை. யார் பெயரில் நிலம் என்று பார்த்து அந்த வகை கொடுக்கப்படவில்லை. அங்கே என்ன வளர்கிறது என்று பார்த்துக் கொடுக்கப்பட்டது. அரசு நிலத்திலுள்ள கண்டல் பரப்பு 1000 சதுர மீட்டரைத் தாண்டினால், நம் கணக்கில் சுமார் 25 சென்ட், அதைச் சுற்றி 50 மீட்டரும் பாதுகாப்பு வளையமாகச் சேர்ந்துவிடும். வீட்டுக்காரர் தன் பார்வைக்காகக் கிளை கழித்துக்கொள்ளலாம் என்ற விதிவிலக்கு அதில் இல்லை. பொதுத் தேவைக்கான வேலையில் கண்டல் பாதிக்கப்பட்டால்கூட, அழிந்ததைப் போல மூன்று மடங்காவது நட வேண்டும் என்கிறது 2019 அறிவிக்கை.

கடல் எங்கேயோ இருக்கிறது, என் வீடு காயலோரம்தானே என்றும் சிலர் கேட்பார்கள். ஓதம், அதாவது கடலேற்றத் தண்ணீர், ஏறும் ஆறும் காயலும் இதில் சேர்த்தி. எதுவரை ஓதம் என்பதற்கு அளவு உண்டு. வருடத்தின் வறண்ட காலத்தில் தண்ணீரை அளந்தால் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை. கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதில் 2011 அறிவிக்கை 100 மீட்டர் என்றது, 2019 அறிவிக்கை 50 மீட்டர் என்றது. கழியின் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அகலம். வீடு கட்டுகிறவர்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். கண்டலைப் பொறுத்தவரை அந்தத் தகராறே வேண்டாம். மரம் நிற்கும் இடமே 1ஏ.

வரைபடத்தில் இல்லை என்று ஒரு வாதம் வரும். கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடம் 1:25,000 அளவில் வரையப்படுகிறது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். மாமா வீட்டு முன்னாலுள்ளது போன்ற 20 மீட்டர் அகல வரிசை அதில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பேனாக் கோட்டின் தடிமனில் மறைந்துவிடும். அந்தப் படத்தைக் காட்டி "இங்கே கண்டலே இல்லை" என்பவரிடம், நேரில் வந்து பாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

தண்டனை? முன்பு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் 5 ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் அதைப் பணத் தண்டமாக மாற்றியது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. இப்போது 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை விதிக்கலாம். சிறை போனது நல்லதா கெட்டதா என்பதில் எனக்கு இரண்டு மனம். பணமுள்ளவருக்குப் பத்தாயிரம் ஒரு செலவுக் கணக்கு. அதே சமயம் பழைய சட்டத்தில் வழக்கு முடிந்து யாராவது உள்ளே போவதைப் பார்க்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும். இது தவிர, இடம் காப்புக்காடாக இருந்தால் தமிழ்நாடு வனச் சட்டம், 1882 தனியாக வரும். மரம் செத்த நஷ்டத்துக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இழப்பீடும் மறுநடவுச் செலவும் கேட்கலாம். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பாயத்தின் சட்டத்திலேயே எழுதியிருக்கும் கொள்கை.

மற்ற மாநிலங்களைப் பார்த்தால், 2018 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் கண்டலை அழிப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையையே மீறுவது என்றது. மகாராஷ்டிரத்தில் தனியார் நிலத்தில் நிற்கும் கண்டலுக்கும் பாதுகாப்பு உண்டு என்று அதே தீர்ப்பு சொன்னது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல, ஆனால் நீதிமன்றங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று தெரிகிறது. நம் மாவட்டத்தின் மலையோரத்தில் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும் என்பது தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949 மூலம் அவர்களுக்குப் பழகிய தலைவலி. கடலோரக்காரர்களுக்குத்தான் ஆச்சரியமாக இருக்கிறது.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கண்டல் கவாத்து பற்றித் தேடினால், 10 அடிக்கு மேல் வளராத மரத்தை 6 அடிக்குக் கீழே போகாமல் வீட்டுக்காரரே கழித்துக்கொள்ளலாம் என்ற விதி கண்ணில் படும். மாமாவும் பிறகு அதைத்தான் போனில் காட்டினார். அது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1996இல் வந்த சட்டம். தண்ணீரோர வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் இடம் அது. வீட்டுக்காரர்களின் பார்வை ஆசைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, கழித்தல் வேறு, அழித்தல் வேறு என்று அளவு வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அங்கேயும் உயர மரத்துக்குத் தொழில்முறை ஆளோ அனுமதியோ வேண்டும். மரம் செத்தால் மறுநடவு செய்யச் சொல்வார்கள். அந்தக் கோடு நம் சட்டத்தில் கிடையாது. ஃபுளோரிடா விதியைக் காட்டி இங்கே ரேஞ்சரிடம் வாதாடினால் அவர் சிரிக்கக்கூட மாட்டார்.

உண்மையிலேயே கழிக்க வேண்டிய தேவை வரலாம். மின்கம்பியில் கிளை உரசுகிறது, வள்ளம் கட்டும் துறையில் மரம் சாய்ந்து கிடக்கிறது, இப்படி. அப்போது பஞ்சாயத்துத் தலைவரிடம் வாய்வார்த்தை வாங்கிக்கொண்டு கத்தியை எடுக்காதீர்கள். சி.ஆர்.இசட். விஷயத்தில் பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்லை. நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலருக்கும், ஆட்சியர் தலைமையிலுள்ள மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவுக்கும் எழுத்தில் கொடுங்கள். சர்வே எண், மரம் நிற்கும் இடம், எந்தக் கிளை, ஏன் என்று எழுதி, தேதி தெரியும் போட்டோ வையுங்கள். மனு கொடுத்த ரசீதை வாங்குங்கள். பதில் வரும்வரை காத்திருப்பது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ரசீது பின்னால் உதவும்.

ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது என்றால், மிச்சத்தையும் வெட்டித் தடயத்தை மறைக்க நினைப்பது மகா முட்டாள்தனம். பழைய செயற்கைக்கோள் படம் யார் போனிலும் இருக்கிறது. குச்சியைத் தோண்டாதீர்கள், தீ வைக்காதீர்கள், மண் அடிக்காதீர்கள். மண் அடித்தால் மூச்சு வேர்கள் மூடிப்போய், துளிர்க்க இருந்த மரமும் சாகும். நீங்களே போய்ச் சொல்லி மறுநடவுக்கு ஒத்துக்கொள்வது செலவு குறைந்த வழி. நடுவது என்றாலும் கண்ட இடத்தில் முருங்கைக்காய் மாதிரி விதையைக் குத்துவதில் பயனில்லை. கோடையில் பொழிமுகத்தை (காயல் கடலில் சேரும் வாயை) மணல் மூடினால் காயலில் தண்ணீர் தேங்கும். எந்த மட்டத்தில் நட்டால் கன்று மூழ்காது என்று பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் வெட்டுவதைப் பார்த்தவருக்கு: வன அலுவலகத்துக்குச் சொல்லலாம். அங்கே அசையாவிட்டால் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தெற்கு அமர்வுக்கு வக்கீல் இல்லாமலே மனுப் போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மாமா இப்போது நாற்காலியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். அங்கிருந்து மரங்களுக்கு மேலாகப் பொழிமுகம் வரை தெரிகிறது. படியேற முட்டு வலிக்கிறது என்பது மட்டும்தான் அவருடைய புகார்.